உழாத வயலில் விளைந்த பணம்

கேள்வி: கொரோனா நிவாரணம் வாங்கித் தந்தவருக்குத் தட்சிணை கொடுத்தது தர்மந்தானே? (ஒரு வாசகர், களமருதூர்)

பதில்: தட்சிணை கேட்டபின் அது தர்மமன்று, தரகு. 2020-ஆம் ஆண்டில், ‘இது கொரோனாப் பணம்’ என்று நயமாகச் சொல்லி, ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்ட தரகர்கள், நமது கள்ளக்குறிச்சி முதலிய ஜில்லாக்களில், ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர்களைப் பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் விவசாயிகளாக்கிவிட்ட விந்தையை மறந்துவிட்டீர்களா? ஏர் பூட்டாமலே தவணைக்கு 2,000 ரூபாய் அறுவடை. சர்க்கார் திருப்பிக் கேட்டதோ, கணக்குக்கு உரியவரிடம்!

கேள்வி: தரகரில்லாத நிவாரணமே கிடையாதா?

பதில்: ஏன் இல்லை? 2021-இல் தமிழக அரசு, அரிசி அட்டைதாரர்களுக்கு இரண்டு தவணைகளில் வழங்கிய 4,000 ரூபாய்க்கு மனுவும் வேண்டியிருக்கவில்லை, மத்தியஸ்தரும் வேண்டியிருக்கவில்லை. டோக்கனில் குறித்த நாளில், ரேஷன் கடை வாசலில், இடைவெளி விட்டு நிற்கும் பொறுமை ஒன்றே போதுமானதாக இருந்தது.

கேள்வி: கல்வராயன் மலைவாசிகளுக்கு?

பதில்: சாமி மலையேறினால் போய்விட்டது என்று அர்த்தம், நிவாரணம் மலையேறினால்தான் வந்தது என்று அர்த்தம். ஆனால் ரேஷன் அட்டையில்லாத குடிசைக்கு வர நிவாரணத்துக்கு வழி தெரியாது. ஆகையால், அடுத்த ஆபத்து வருமுன், அண்டை வீட்டாருக்கு அட்டை கிடைக்க, தட்சிணை வாங்காமல் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.