எந்த விவரம், தம்பி?

“சிவனொளிபாத மலை போகணும். விவரம் ப்ளீஸ்.”

மலையேறிகளின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு வரி விழுந்ததும், மஸ்கெலியா டவுனில் ஒருவர் ப்ளேன்டீயை ஓரமாக வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். மலையண்ணன். ஓய்வுபெற்ற டீமேக்கர். கொழுந்து போதுமான அளவு வாடிவிட்டதா என்று ஒரு பிடி அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் எதிரே இருப்பவன் என்ன கேட்கிறான் என்பது மட்டும் அவர் கைக்கு அகப்படவே அகப்படாது.

“எந்த விவரம், தம்பி?”

“பொதுவாண்ணே.”

“எந்தப் பக்கமா ஏறப் போறீங்க?”

“மலைப் பக்கமாத்தான்.”

இதற்குப் பிறகு ஒரு முழு நாள் மௌனம். மறுநாள் காலையில் அடுத்த கேள்வி வரும். “எத்தனை பேர்?” வீட்டாள்கள் எல்லாரும் என்று பதில். “வயசு?” யாருடைய வயசு என்று தம்பி திருப்பிக் கேட்பான்; வியாதி அவனுக்கும் தொற்றிக்கொண்டாயிற்று. “முழங்கால் எப்படி?” ரெண்டும் இருக்குண்ணே. மூன்றாம் நாள் அண்ணன் தலையான கேள்விக்கு வருவார்: “முதல்ல எதுக்குப் போறீங்க? நேர்த்தியா, சூரியோதயமா, போட்டோவா?” அதைப் பார்த்ததும் தம்பி குழுவை விட்டே போய்விடுவான். “பொறுமை இல்லாத பையன். இவன் எப்படிப் படி ஏறுவான்?” என்று தீர்ப்பு எழுதிவிட்டு, ஆறிப்போன ப்ளேன்டீயை எடுத்துக்கொள்வார்.

அவர் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை என்பதுதான் எரிச்சலே. நல்லதண்ணிப் பக்கம் ஏறினால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இரத்தினபுரி, பலாபத்தலைப் பக்கம் ஏறினால் வழி அதைவிட நீளம், அதைவிடக் கடினம். குருவிட்டைப் பக்கம் எரத்னை வழி வேறு இருக்கிறது. மலை 2,243 மீட்டர். டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடிகிற பருவகாலத்தில் வழி நெடுக லைட்டும் தேநீர்க் கடையும் இருக்கும்; மற்ற மாதங்களில் மழையும் அட்டையும்தான். ஆகவே “விவரம் ப்ளீஸ்” என்பதற்குப் பதில் எதிர்க்கேள்வியாகத்தான் இருக்க முடியும். ஒப்புக்கொள்ளலாம். அதை நாளுக்கு ஒன்றாக, மருந்து வேளை மாதிரிக் கொடுப்பானேன்?

மற்றவர்களும் சும்மா இருப்பதில்லை. ஒருவர் தன் பங்குக்கு சூரியோதயப் படம் ஒன்றைப் போட்டு “காலை வணக்கம்” சொல்வார். இன்னொருவர் “மேலே தேடிப் பாருங்க, முன்னமே சொல்லியாச்சு” என்பார். மலை தவிர்ந்த விஷயம் என்றாலும் அண்ணன் அண்ணன்தான். வறட்சி வந்து மவுசாக்கலை நீர்த்தேக்கம் இறங்கினால், அடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டும். பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். “தண்ணி வத்திருச்சாண்ணே?” என்று கேட்டால், “எவ்வளவு வத்தணும்னு எதிர்பார்க்கிறீங்க?”

இது மஸ்கெலியாவுக்கு மட்டும் உரிய வியாதியும் அல்ல. கணினி வல்லுநர்களிடம் புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி என்று எரிக் ரேமண்ட் என்ற அமெரிக்கர் 2001இல் ஒரு நீண்ட கையேடே எழுதினார். அதை முழுக்கப் படித்து முடிக்கிற அளவு பொறுமை உள்ளவன் கேள்வியே கேட்க மாட்டான். 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளம், தங்களிடம் வரும் புதியவர்களுக்கு நல்ல வரவேற்பு இல்லை என்று 2018இல் தானே ஒப்புக்கொண்டது. மலையண்ணனுக்கு இதெல்லாம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. தெரிந்திருந்தால் அந்தக் கையேட்டைத் தமிழாக்கிக் குழுவில் போட்டிருப்பார்.

தெளிவில்லாத கேள்விக்கு நல்ல பதில் சொன்ன ஒருவர் நம்மிடமே இருந்திருக்கிறார். 1344இல் இபன் பதூதா இலங்கையில் கரையிறங்கியபோது, என்ன வேண்டும் என்று யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி கேட்டார். பாதத்தைத் தரிசிக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார் பயணி. எந்தப் பக்கமாக, எத்தனை பேர், முழங்கால் எப்படி, ஒன்றும் கிடையாது. அது எளிது என்று சொல்லி மன்னர் பல்லக்கு கொடுத்தார். ஆண்டுதோறும் மலைக்குப் போகும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், துணைக்குப் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று கூட்டி அனுப்பினார். மலையில் பாபா வழி, மாமா வழி என்று இரண்டு இருந்தனவாம். எளிதான மாமா வழியில் ஏறியவரை ஏறியவராகவே கணக்கில் எடுப்பதில்லை என்றும் பதூதா எழுதி வைத்திருக்கிறார். மலையண்ணனின் முப்பாட்டன் அன்றைக்கே அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார்!

இத்தனைக்கும் மலையில் வைத்துப் பார்த்தால் மலையண்ணன் வேறு ஆள். முன்பின் தெரியாத கிழவியின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வார். மூச்சு வாங்குகிற பிள்ளைக்கு நெஞ்சில் சித்தாலேபை தேய்ப்பார். யாரையும் ஒரு கேள்வி கேட்க மாட்டார். உச்சியில், எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை மணி அடிப்பது வழக்கம். அண்ணன் அடிக்கத் தொடங்கினால் பின்னால் நிற்பவர்கள் படியில் உட்கார்ந்து விடுவார்கள். போன் கைக்கு வந்தால்தான் இந்த மனிதருக்கு என்னவோ ஆகிவிடுகிறது.

சிரித்துவிட்டு விடுகிற விஷயமும் இல்லை இது. ஜூன் மாதம் ஒருவன் “மலை போகணும்” என்று எழுதினால், அவனுக்குப் போக வேண்டிய முதல் வரி “இப்ப வேணாம் தம்பி. லைட் இல்லை, கடை இல்லை, மழை அடிக்குது” என்பதுதான். “எந்த விவரம்?” என்று கேட்டுவிட்டு அண்ணன் தூங்கப் போகிறார். அவன் டோர்ச்சை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறான்.

ஆகவே, கேட்காதவர்களுக்கும் சேர்த்து: முதல் தடவையென்றால் நல்லதண்ணிப் பக்கம். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக பஸ். போயாவும் சனி ஞாயிறும் வேண்டாம். நெரிசலில் படியிலேயே விடிந்துவிடும். இரவு 2 மணிக்குக் கிளம்பினால் சாதாரண நடைக்கு விடியும்போது உச்சியில் நிற்கலாம். மேலே குளிர் கடுமை, கம்பளிச் சட்டை கட்டாயம். கொண்டுபோகும் பொலித்தீனைத் திரும்பக் கொண்டு வாருங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் அழும். மறுநாளைக்கும் லீவு போட்டுவிட்டுப் போங்கள்.