அடுக்கியல்: மின் குக்கரின் உட்கலங்கள் குறித்து ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

எழுத்துக்கு இலக்கணம் உண்டு; சொல்லுக்கு உண்டு; பொருளுக்கும் உண்டு. குக்கருக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் டப்பாவுக்கு மட்டும் இன்றுவரை ஒரு நூற்பாகூட இல்லை. மைசூரில் இருந்துகொண்டு இதை எண்ணும்போது வெட்கம் இரு மடங்காகிறது. உணவை ஆராய்வதற்கென்றே இவ்வூரில் இரண்டு பெரிய நிலையங்கள் உள்ளன. ஒன்று, 1950இல் செலுவாம்பா மாளிகையில் குடியேறிய சி.எஃப்.டி.ஆர்.ஐ. மற்றொன்று, 1984இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் புறப்பட்டபோது அவருக்கு உணவு தயாரித்துக் கொடுத்த டி.எஃப்.ஆர்.எல். விண்வெளிக்கே கட்டுச்சோறு கட்டிய ஊரில், என் வீட்டு மின் குக்கருக்கு எந்த டப்பா பொருந்தும் என்று சொல்ல ஆளில்லை. ஆகவே இந்நூல் எழுந்தது.

பாயிரத்துக்கு உரிய பிற செய்திகளாவன: எல்லை, வடக்கே சமையல் மேடை, தெற்கே ஃப்ரிட்ஜ். காரணம், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தீபாவளிக்கு அனுப்பிவைத்த குக்கர். கேட்டோர், என் மனைவியும் அம்மாவும். இருவரும் விரும்பிக் கேட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. பயன், சோறும் பருப்பும் ஒரே நேரத்தில் வேகுதல்.

1. பெயர்

இப்பொருளைச் செப்பரேட்டர் என்பாரும் உளர். அடுக்கு என்பாரும் உளர். குக்கர் டப்பா என்பார் பலர். டப்பா என்பது கல்விக்கு ஒவ்வாத சொல்லாதலின் யான் உட்கலம் என்று பெயரிட்டேன். "அந்த உட்கலத்தை எடு" என்று கேட்டபோது மனைவி சாப்பாட்டுத் தட்டை நீட்டினாள். உண்கலம் என்று காதில் விழுந்ததாம். எனவே இனி வரும் பகுதிகளில், ஆராய்ச்சிக்கு உட்கலம் என்றும் அன்றாடத்துக்கு டப்பா என்றும் வழங்கப்படும்.

2. வரலாறு

அடுக்கிச் சமைப்பது பழைய வழக்கு. பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியில் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகடுப்பில் ஏற்றுகிறார்கள். உச்சிப் பானைதான் முதலில் வேகும் என்பது அங்குள்ள நம்பிக்கை. மேலைநாட்டில் 1679இல் தெனி பாப்பன் என்னும் பிரெஞ்சுக்காரர் எலும்பையும் குழையவைக்கும் மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்தார். வெடிக்காமல் இருக்க அதற்கு ஒரு வால்வும் வைத்தார். ஆனால் அவருக்கு எலும்பு வெந்தால் போதும். ஒன்பது மணி பஸ்ஸுக்குள் சோறு, பருப்பு, காய் மூன்றும் ஆகவேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லை.

அந்த நெருக்கடியை உணர்ந்தவர் கல்கத்தாவின் இந்துமாதவ் மல்லிக். மருத்துவம், சட்டம், தத்துவம் எனப் பலதும் படித்த அவர் 1910இல் இக்மிக் குக்கரைக் கொண்டுவந்தார். நெட்டையான உருளைக்குள் டிபன் கேரியர் போல் அடுக்குகள், அடியில் கரிக்கனல். இதைப் போன்றதொரு பித்தளைச் சாதனத்தை ருக்மணி குக்கர் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். 1959 வாக்கில் ஹாக்கின்ஸ், பிரஸ்டீஜ் குக்கர்கள் இந்தியாவில் தயாராகத் தொடங்கின. வீட்டுக்கு விசில் வந்தது. 2010இல் கனடாவின் ஒட்டாவா நகரில் ராபர்ட் வாங்கும் கூட்டாளிகளும் இன்ஸ்டன்ட் பாட் என்னும் மின் குக்கரை வெளியிட்டார்கள், விசில் போனது.

விசில் போனதன் பண்பாட்டு விளைவை எளிதில் அளக்க முடியாது.

"எத்தனை விசில்டா?" என்றார் அம்மா.

"விசில் வராதும்மா. நிமிஷக் கணக்கு."

"விசிலே வராதா? அப்புறம் நம்ம வீட்டுல சமையல் ஆயிருச்சுன்னு பக்கத்து வீட்டுக்கு எப்படித் தெரியும்?"

நிமிடக் கணக்கிலும் மைசூருக்கு ஒரு சிறப்பு விதி உண்டு. இவ்வூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 770 மீட்டர் மேலே இருப்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியைத் தாண்டியதுமே கொதித்துவிடும். அடுப்புக் குக்கரின் வெயிட்டு 121 டிகிரிவரை ஏற்றும். மின் குக்கரின் 70, 80 கிலோபாஸ்கல் அழுத்தம் 115, 117 டிகிரியோடு நின்றுவிடும். இவை கடற்கரைக் கணக்கு. நமக்கு இன்னும் சற்றுக் குறையும். 2000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1000 அடிக்கும் நேரத்தை நூற்றுக்கு ஐந்து கூட்டுக என்பது சமையல் வழக்கு. அதன்படி 2500 அடி மைசூரில் இருபது நிமிடப் பருப்புக்கு அரை நிமிடம் கூட்டவேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஆயிற்று.

3. களஆய்வு

தேவராஜா மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பாத்திரக் கடை. எவர்சில்வரை நிறுத்து விற்பார்கள். பழையதைப் போட்டுப் புதியதும் எடுக்கலாம். எங்கள் குக்கரின் உள்பாத்திரம் அகலம் 22 சென்டிமீட்டர், உயரம் 16. கடைக்காரர் 21.5 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு டப்பாக்களை எடுத்துவைத்தார்.

"கரெக்டாகி கூத்கொள்ளுத்தெ, சார்."

சரியாக உட்காரும் என்றார். எழுந்திருக்கும் என்று சொல்லவில்லை. அதை யான் கேட்கவும் இல்லை.

உலோகத்தின் தரத்தைக் காட்ட அவர் ஒரு காந்தத்தையும் எடுத்து டப்பாவில் வைத்தார். ஒட்டவில்லை. நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்பது உலக வழக்கு. அது முழுதும் பொருந்தாது. நிக்கல் எட்டுப் பங்கு சேர்ந்த 304 வகையிலும் காந்தம் பிடிக்காது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 202 வகையிலும் பிடிக்காது. காந்தம் ஒட்டாததைக் கண்டு மகிழ்ந்தவன் இரண்டில் எது என்று அறிந்தானல்லன். அடியில் எண் பொறித்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை. பித்தளைக்குப் போகலாமே என்பாரும் உளர். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பை வைத்தால் களிம்பு ஏறும். ஈயம் பூசுகிறவரைத் தேடி அலைவது தனி ஆராய்ச்சி.

வீட்டுக்கு வந்தோம். டப்பா குக்கருக்குள் கரெக்டாக உட்கார்ந்தது. சோறு வெந்த பிறகு எழுந்திருக்க மறுத்தது. இருபுறமும் கால் சென்டிமீட்டர்தான் இடம். கன்னடத்தில் இக்கள என்றும் நாம் இடுக்கி என்றும் சொல்லும் கருவி நுழையவில்லை. கடைசியில் உள்பாத்திரத்தையே தாம்பாளத்தில் கவிழ்த்தோம். அன்று சோறும் பருப்பும் சாம்பார் சாதமாகவே வெளிவந்தன.

4. இலக்கணம்

இத்தோல்வியிலிருந்தே அடுக்கியலின் முதல் விதி கிடைத்தது. தமிழில் ஒரு சொல் அடுக்கி வருவது இருவகை. அடுக்குத்தொடரைப் பிரித்தாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் உண்டு. இரட்டைக்கிளவி பிரியாது, பிரித்தால் பொருள் தராது. நல்ல டப்பா அடுக்குத்தொடர். ஒன்றோடொன்று இறுகி, ஆறியபின் கத்தியும் வெந்நீரும் கொண்டு நெம்பவேண்டியது இரட்டைக்கிளவி. அதிலிருந்து எழும் ஓசையும் சடசட, கடகட என்றே இருக்கும். அடுக்குத்தொடர் இரண்டு, மூன்று, நான்குவரை போகலாம் என்று நன்னூல் இடம் தருகிறது. 16 சென்டிமீட்டர் உயரக் குக்கர் அவ்வளவு தாராளமன்று. அதில் இரண்டே கொள்ளும்.

அடுத்தது புணர்ச்சி. கீழ் டப்பா நிலைமொழி, மேல் டப்பா வருமொழி. இரண்டும் மாறாமல் சேர்ந்தால் இயல்பு, மாறினால் விகாரம். விகாரம் மூன்று. மூடியில் படிந்த ஆவி சொட்டி, நாம் ஊற்றாத தண்ணீர் மேல் டப்பாவில் நிற்பது தோன்றல். மேலே வைத்த பீட்ரூட் வழிந்து கீழே சோறு சிவப்பது திரிதல். கஞ்சி பொங்கி வெளியே போய் அரிசி அரைவேக்காடாக நிற்பது கெடுதல். மேல் டப்பாவுக்கு ஒரு தட்டு மூடி, எதையும் தண்ணீரோடு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமை: இவ்விரண்டும் மூன்று விகாரங்களையும் நீக்கும்.

இனிப் பொருள்கோள். எது அடியில், எது மேலே? பருப்பு அடியில் என்பது அம்மாவின் கட்சி. அரிசி அடியில் என்பது மனைவியின் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவே யான் சொன்னது: காற்று முழுதும் வெளியேறி ஆவி நிறைந்துவிட்டால் குக்கருக்குள் மேலும் கீழும் ஒரே சூடுதான்; ஆகவே இது அடிகளை எங்கே மாற்றினாலும் பொருள் கெடாத அடிமறிமாற்று. திங்களன்று ஒரு முறையும் செவ்வாயன்று மறு முறையும் வைத்துப் பார்த்தோம். இரண்டு நாளும் சோறு ஒரே பதம். பருப்பும் இரண்டு நாளும் ஒன்றுபோல் நறுக்கென்று இருந்தது. எங்கே வைக்கிறோம் என்பதில் பிழையில்லை. எப்படி வைக்கிறோம் என்பதில் இருந்தது. துவரம்பருப்பை அரை மணி ஊறவைத்து, அகலமான டப்பாவில் கனமில்லாமல் பரப்பினால் அரிசியோடு சேர்ந்து வெந்துவிடுகிறது. குறுகலான ஆழ டப்பாவில் குவித்தால் நடுப்பகுதி பின்தங்குகிறது. இதை அறிவித்தபோது, "இதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டு கட்சியும் வெல்லும் பொருள்கோளுக்கு இலக்கணிகள் பெயர் வைக்கவில்லை.

5. கல்வெட்டுச் சான்று

பாத்திரங்களில் பெயர் வெட்டுவது நம் வழக்கு. கோயில் சுவரில் கொடை வெட்டியதுபோல், கல்யாணத்தில் வந்த குடத்திலும் அண்டாவிலும் இன்னார் உபயம் என்று புள்ளிபுள்ளியாய் வெட்டியிருக்கும். இதை ஆராய மைசூரைவிடத் தக்க ஊர் இல்லை. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு இங்கேதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல்லாண்டாக இவ்வூரில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றவேண்டும் என்று 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டிக் குழிக்குள் அமிழ்த்தி, மை ஒற்றுவார்கள். கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாக நிற்கும். யான் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். முறை ஒன்றே.

பரணிலிருந்து அம்மா இறக்கச் சொன்ன ஐந்தடுக்குக் கேரியரில் கிடைத்த வாசகம் இது: முதல் எழுத்து சிதைந்துளது, அடுத்து 1976, அடுத்து உபயம். கொடுத்தவர் பெயர் தேய்ந்துபோயிற்று. கொடையாளி யார் என்று மூன்று கருதுகோள்களை எழுதிவைத்தேன்.

"உங்க பெரிய அத்தை குடுத்தது" என்றார் அம்மா. "நீ எழுதறதை அப்புறம் எழுது. மொதல்ல அந்தக் குக்கரைக் கொண்டா."

6. முடிபு

கொண்டுவந்தேன். அம்மா ஸ்கேலைத் தொடவில்லை. உள்பாத்திரத்தின் வாய்க்குள் கையை விரித்து வைத்தார். கட்டைவிரல் ஒரு விளிம்பில், சுண்டுவிரல் மறு விளிம்பில்.

"ஒரு சாண். சாணுக்குப் பன்னெண்டு விரக்கடை. இந்தப் பக்கம் ஒரு விரக்கடை, அந்தப் பக்கம் ஒரு விரக்கடை. ஏனம் பத்து விரக்கடை இருந்தாப் போதும்."

தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து, பத்து விரற்கடைக்கு ஒரு முடிச்சுப் போட்டார். கேரியரின் அடுக்குகள்மேல் பிடித்தார். கம்பி நுழையும் இரண்டு காதுகளையும் சேர்த்து முடிச்சுக்குச் சரியாக நின்றது. கேரியரின் கைப்பிடியும் கம்பியும் குக்கருக்குள் போகாது. அவை வேண்டியதும் இல்லை. அடியில் ஸ்டாண்டு, ஒன்றரை டம்ளர் தண்ணீர், அதன்மேல் இரண்டு அடுக்கு. கேரியர் அடுக்காகையால் மேலது கீழதன் வாயில் சற்றே இறங்கி அதற்கு மூடியும் ஆயிற்று; மூடியின் உள்பக்க வால்வுக்கு ஒரு விரற்கடை இடமும் மிஞ்சிற்று. வெந்தபின் இடுக்கி காதைப் பிடித்தது. டப்பா எழுந்து வந்தது.

ஆகவே அடுக்கியலின் முழுமுதல் விதி: உட்கலம் வாங்கப் போகிறவன் கலத்தைப் பார்க்காமல் கலத்தைச் சுற்றி மிஞ்சும் இடத்தைப் பார்த்து வாங்குக. அந்த ஒரு விரற்கடையில்தான் ஆவி ஏறுகிறது. அதே விரற்கடையில்தான் கை இறங்குகிறது. முழுக்க நிறையும் டப்பாவில் ஒரு கரண்டி சோறு கூடும்; எடுக்கும்போது ஒரு வேளைச் சோறு போகும். 22 சென்டிமீட்டர் குக்கருக்கு 18 சென்டிமீட்டர் அகலமும் 6 சென்டிமீட்டர் உயரமும் உள்ள டப்பா ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கொள்ளும்; இரண்டு ஆழாக்கு அரிசி தண்ணீரோடு அதில் தாராளமாக அடங்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். நால்வருக்குப் போதும்.

யான் செய்த நூலில் முடிச்சுகள் பல. அம்மா பிடித்த நூலில் முடிச்சு ஒன்றே. அந்த நூல் இப்போது குக்கர் பெட்டிக்குள், செயல்முறை விளக்கப் புத்தகத்தோடு சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த முறை பாத்திரக் கடைக்கு எதை எடுத்துப் போவது என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இல்லை.

ஒரு சாண் வயிற்றுக்குத்தான் இவ்வளவும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. குக்கர் வாயும் அதே ஒரு சாண் என்பதை இப்போதுதான் அளந்து பார்த்தோம்.