மந்திக்கு முந்துதல்: கண்டி வீட்டு வளவில் முன்சமையல் தோன்றிய வரலாறு

கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை முதலிய ஊர்களிலும் வீட்டு வளவில் நிற்கும் பலா மரத்திலிருந்து காயை எந்த நாளில் இறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினா, சமையல் நூல்களாலும் தாவர நூல்களாலும் ஒருங்கே கைவிடப்பட்ட ஒன்றாகும். சமைப்பவரே தீர்மானிக்கிறார் என்பது அடுப்படியில் நிலவும் கருத்து. காயின் முதிர்ச்சியே தீர்மானிக்கிறது என்பது விவசாயத்தார் கருத்து. இவ்விரண்டையும் மறுத்து, அந்நாளைக் குறித்துத் தருவது குரங்கே என்றும், சமைத்து எடுத்துவைக்கும் வழக்கம் கண்டியில் அக்குரங்கின் வருகையை முந்தும் முயற்சியாகவே உருப்பெற்றது என்றும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். மகாவலியின் ஒரு கரையில் 1821இல் தொடங்கிய பேராதனைத் தாவரவியல் பூங்காவும், எதிர்க்கரையில் கன்னொறுவை விவசாய ஆய்வு நிலையங்களும் இருந்தும், இவ்வினாவை ஆராயும் பொறுப்பு இத்தகைய கட்டுரைகளின் தலையில் விழுந்திருப்பது வியப்புக்குரியது.

வரையறைகளிலிருந்து தொடங்குவது மரபு. மலையகத் தமிழில் ‘தோட்டம்’ என்பது தேயிலைத் தோட்டத்தையே குறிப்பதால், கண்டி பஸ் நிலையத்தில் ‘தோட்டத்துக்குப் போறேன்’ என்பவர் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றப் போவதாகக் கருதுவது பொருட்பிழையாகும். அவர் சொந்த ஊருக்குப் போகிறார். எனவே வீட்டைச் சுற்றியுள்ள நிலம் இங்கே ‘வளவு’ எனப்படும். கண்டி வளவு பாத்தி பிரித்து வரிசையாக நட்ட நிலமன்று. மேல் தட்டில் தென்னையும் பலாவும், அவற்றின் கீழே கமுகும் ஆனைக்கொய்யாவும் சாதிக்காயும் கராம்பும், மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடியும், அதற்கும் கீழே கோப்பியும் வாழையும், நிழலில் இஞ்சியும் மஞ்சளுமாகக் காட்டைப் போல அடுக்கடுக்காக அமைந்தது. காட்டுக்குள் கட்டிய வீடு என்பதா, வீட்டுக்குள் வளர்ந்த காடு என்பதா என்ற தயக்கத்தாலோ என்னவோ, ஆய்வாளர் ‘கண்டிய வனத்தோட்டம்’ என்று நடுவில் ஒரு பெயரை இட்டனர். குரங்குக்கு இத்தயக்கம் இல்லை.

இக்கட்டுரை புதிதாக அறிமுகப்படுத்தும் கலைச்சொல் ‘முந்துகாலம்’ என்பதாகும். காய் இறக்கப்பட்ட நேரத்துக்கும் குரங்குக் கூட்டம் மரத்தை வந்தடையும் நேரத்துக்கும் இடைப்பட்ட அளவே அது. வீட்டார் முந்தினால் நேர் எண்ணாகவும், குரங்கு முந்தினால் எதிர் எண்ணாகவும் கொள்ளப்படும். பின்னதைக் குறிக்க வழக்கில் ஏற்கெனவே பல சொற்கள் இருப்பினும் அவை அச்சிடத் தக்கவையல்ல.

பலாவைப் பொறுத்தவரை கண்டிச் சீமையின் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று ஒரு கைதியுடையது. 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பியோடும் வரை கண்டி அரசில் தங்கவைக்கப்பட்ட ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், பலா பிஞ்சாக இருக்கும்போது ஒரு பெயரும், காயாக இருக்கும்போது இன்னொரு பெயரும், பழுத்தபின் சதை உறுதியாக இருந்தால் ஒரு பெயரும், குழைந்திருந்தால் வேறொரு பெயரும் பெறுவதைக் கவனமாகப் பதிந்திருக்கிறார். பிஞ்சு பொலொஸ்; காய் கொஸ்; உறுதியான பழம் வரக்கா, குழைந்தது வெல. பின்னிரண்டும் தமிழில் முறையே வருக்கை, கூழன் எனப்படும். வரக்காவும் வருக்கையும் உறவுக்காரச் சொற்கள் என்பதைக் காது கேட்பவர் எவரும் ஒப்புவர். ஒரே பொருளுக்கு வயதுவாரியாகப் பெயர் வைக்கும் மரியாதை, பொதுவாகப் பிள்ளைகளுக்கும் கால்நடைகளுக்குமே உரியது. பலாவுக்கு அது கிடைத்ததற்குக் காரணம், ஒவ்வொரு பருவமும் தனித்தனிக் கறி என்பதும், எந்தப் பருவத்தில் கைக்குக் கிட்டும் என்பது வீட்டாருக்கு முன்கூட்டித் தெரியாது என்பதுமே.

நொக்ஸ் குரங்கைப் பற்றியும் எழுதினார். தலைமயிர் மனிதனுக்கு வகிடெடுத்தாற்போல் பிரிந்து விழும் ரிலவா என்னும் இனம், காட்டோரப் பயிரில் ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் குதித்து நுழைவதையும், வயிற்றோடு கையையும் நிரப்பிக்கொண்டு போவதையும் அவர் விவரித்திருப்பது, மூன்றரை நூற்றாண்டாகியும் ஒரு சொல் மாற்றத் தேவையில்லாத வருணனை. இலங்கைக்கே உரிய அக்குரங்குக்கு உச்சிமயிர் தொப்பி போல் இருப்பதால், ஐரோப்பியர் தொப்பியைக் குறிக்கும் சொல்லாலேயே ‘டோக் மக்காக்’ என்று பெயரிட்டனர். நொக்ஸ் சிறையிருந்த காலத்தில் தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தவர் என்பது இங்கே நினைக்கத் தக்கதாயினும், இரண்டுக்கும் தொடர்பு காட்ட முற்படுவது ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது.

தமிழ் மரபு இவ்விலங்கை வகைப்படுத்துவதில் பிந்தியதன்று. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றைப் பிரித்து, அவற்றின் பெண்ணை மந்தி என்கிறது; குரங்கின் ஆண் கடுவன். கண்டியில் தொப்பிக்காரரைக் குரங்கு என்றும், நீண்ட வாலும் கறுத்த முகமும் உடைய இலைதின்னியை மந்தி என்றும் சொல்வது பிற்கால வழக்கு. இவ்வேறுபாடு சமையலுக்கு மிகவும் முக்கியமானது. ஏனெனில் இலைதின்னி, இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் பல அறை வயிற்றைக் கொண்டது, கன்னப்பை இல்லாதது. தொப்பிக்காரருக்கோ இரு கன்னத்திலும் பை உண்டு; அகப்பட்டதை அதில் திணித்துக்கொண்டு, பாதுகாப்பான கிளையில் அமர்ந்து பிறகு உண்ணும். கிடைத்த வேளையில் சேகரித்து, வசதியான வேளையில் உண்ணும் முறையை இவ்வளவில் அதுவே முதலில் கையாண்டது என்பதும், சட்டி பானையோடு வந்த மனிதன் அதைப் பின்பற்றினான் என்பதும் இதனால் பெறப்படும். கட்டுரைத் தலைப்பில் குரங்கு என்று இராமல் மந்தி என்று இருப்பது ஓசை கருதியே, விலங்கியலார் பொறுத்தருள்க.

இனிப் பலாவின் அளவைக் கருத வேண்டும். மரத்தில் காய்ப்பவற்றுள் மிகப் பெரியது அதுவே. பத்து, இருபது கிலோ எடையுள்ள காய் கண்டியில் செய்தியாகாது. நால்வர் கொண்ட வீட்டில் அத்தகைய காயொன்று இறக்கப்படும்போது, அன்றைய தேவைக்கும் கையிலுள்ள பொருளுக்கும் இடையில் உண்டாகும் இடைவெளி, பொருளியலார் ‘உபரி’ என்று அழைப்பதும், வீட்டுக்காரி ‘இதை இப்ப என்ன செய்றது’ என்று அழைப்பதுமாகும். தாளைப் பரப்பி, கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தால், பால் பிசினோடு போராடி எழுவதற்குள் முற்பகல் கழிந்துவிடும். உடனே செய்யத்தக்கது பாதியை வேலிக்கு மேலே கைமாற்றுவது. ‘அக்கா, சட்டியக் குடுத்து விடுங்க’ என்னும் தொடர் கண்டி வேலிகளில் அடிக்கடி பதிவாகும். சட்டி வெறுமையாகத் திரும்பக் கூடாது என்ற எழுதாச் சட்டத்தின்படி இரண்டு நாளில் அது கீரையாகவோ எலுமிச்சையாகவோ திரும்பும். ஆனால் பலாக் காலத்தில் அக்காவின் வளவிலும் பலா காய்த்திருக்கும் ஆதலால், சட்டி சில வேளைகளில் பலாக்காயோடு போய்ப் பலாக்காயோடே மீளும். இச்சுழற்சியிலிருந்து வெளியேறும் வழியாகவே பாதுகாத்தல் பிறந்தது. சுளையை அவித்து உலர்த்தி அட்டுக் கொஸ் ஆக்குவதும், அடுப்புக்கு மேலே கட்டிய புகைப்பரணில் கொறக்காப் புளியோடு அடுக்கி வைப்பதும், கொட்டையை மணலுக்குள் புதைத்து மாதக் கணக்கில் காப்பதும் கண்டி நாட்டுப்புறத்தின் பழைய முறைகள். இன்று புகைப்பரணின் இடத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டும், பானையின் இடத்தைக் காலியான ஐஸ்கிறீம் டப்பாவும் பிடித்துள்ளன. வெனிலா என்று எழுதிய டப்பாவைத் திறந்து பலாக்கொட்டையைக் கண்ட குழந்தைகளின் மனநிலை தனி ஆய்வுக்கு உரியது.

இவ்வளவும் முதிர்ந்த காயைப் பற்றியது. முதிரும் வரை மரத்தில் விட்டுவைக்க முடிந்த காலத்துக்கு உரியது என்றும் சொல்லலாம். குரங்கு காயைக் கடித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் எறிந்துவிட்டு அடுத்ததைக் கடிக்கும் இயல்புடையதாதலால், வீட்டார் கொஸ் பருவத்துக்குக் காத்திராமல் பொலொஸ் பருவத்திலேயே இறக்கலாயினர். முந்துகாலம் நேர் எண்ணாயிற்று. பொலொஸோ விரைவில் வேகும் பொருளன்று. தோல் சீவித் துண்டாக்கி, மஞ்சள் நீரில் போட்டுப் பாலகற்றி, வறுத்த கறித்தூளும் கொறக்காவும் றம்பையும் தேங்காய்ப் பாலும் சேர்த்து மண்சட்டியில் சிறு தீயில் மணிக்கணக்காக வைத்தால்தான் செம்பழுப்பு நிறம் ஏறும். அன்று உண்பதைவிட மறுநாள் உண்பது மேல் என்பதில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூவரும் உடன்படுகின்றனர். கண்டியில் மூவரும் உடன்படும் பொருள்கள் மிகச் சிலவே. ஆக, இன்றே இறக்கவேண்டிய அவசரத்தைத் தந்தது குரங்கு. நாளைக்கே உண்ணத்தக்க கறியைத் தந்தது அந்த அவசரம். முன்சமையலின் தோற்றுவாய் இதுவே.

இதற்கு எதிர்க்கட்சியினர் பசியைக் காரணம் காட்டுவர். பலாவைச் சிங்களத்தில் சோற்று மரம் என்று சொல்வதும், 1915 கலவரக் காலத்தில் சிறைப்பட்டு மீண்ட ஆர்தர் வி. டயஸ் நாடெங்கும் பத்து இலட்சம் பலாக் கன்று நடும் இயக்கத்தை நடத்தி ‘கொஸ் மாமா’ ஆனதும், 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றித் தறிக்கத் தடை விதித்ததும், 2022 நெருக்கடியில் அரிசி எட்டாத வீடுகளுக்குப் பலா எட்டியதும் அவர்கள் சான்றுகள். உழாமல் கிடைக்கும் உணவுகளுள் ஒன்றாகப் பாரியின் பறம்பு மலைப் பலாவைக் கபிலர் எண்ணியதையும் அவர்கள் சேர்த்துக்கொள்ளலாம். இவை யாவும் மறுக்க முடியாதவை. பசியின் முன் நகைப்புக்கு இடமில்லை என்பதும் உண்மை. ஆயினும் பசி எதைச் சமைப்பது என்று சொல்லுமேயன்றி, எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லாது. 2022 ஜூனில் அரச ஊழியருக்கு வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டபோதும், நாளைக் குறிக்கும் அதிகாரம் ஒரு சுற்றறிக்கைக்குப் போனதே தவிர மரத்தில் எதுவும் மாறவில்லை. குரங்கு வாரத்தின் ஏழு நாளும் பணியில் இருந்தது.

அரசுகள் எதிர்த்தரப்பின் பலத்தை அறிய முயலாமல் இல்லை. 2023இல் ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்து, எதிர்ப்பும் வழக்கும் வந்தபின் அடங்கியது. 2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை 8.00 முதல் 8.05 வரை, நாடெங்கும் வளவிலும் வயலிலும் நின்று குரங்கு, மந்தி, மலை அணில், மயில் ஆகியவற்றை எண்ணும்படி மக்கள் கேட்கப்பட்டனர். ஐந்தே நிமிடம் என்பது, ஒரே கூட்டம் இரண்டு வளவில் எண்ணப்படுவதைத் தவிர்க்கும் நுட்பம். ஆனால் வேலியைத் தாண்ட ஒரு குரங்குக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்ற எடுகோளைக் கண்டி வாசி எவரும் ஏற்கமாட்டார். குரங்கின் தொகை 50 இலட்சத்தைத் தாண்டியதாக வெளிவந்த முடிவைக் கேட்டு, அவ்வளவும் தம் கூரைத் தகரத்தில்தான் ஓடுகின்றன என்று கருதியவர் பலர்.

இறுதியாக, மரத்தின் உச்சியில் ஒன்றிரண்டு காய்கள் பறிக்கப்படாமல் நிற்பது எல்லா வளவிலும் காணப்படும். நெல்வயலின் ஒரு பகுதியைப் பறவைகளுக்கென விட்டுவைக்கும் ‘குருளு பாளுவ’ என்னும் பழைய சிங்கள வழக்கத்தின் தொடர்ச்சியாக இதைக் கொள்வது மனத்துக்கு இனிது. கேட்டால் வீட்டாரும் அப்படியே சொல்வர். நேரில் அளந்து பார்த்தால், விட்டுவைத்த காய்களுள் தாழ்ந்தது, அவ்வீட்டுக் கொக்கத்தடியின் நுனிக்குச் சரியாக ஒரு முழம் மேலே தொங்குவது தெரியும். தடியின் அடியில் இன்னொரு மூங்கிலை வைத்துக் கட்டிய வீடுகளில் பறவைகளின் பங்கு அந்த மூங்கிலின் அளவுக்கு உயர்ந்திருக்கிறது.