பொரம்போக்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளும் புழக்கமும்

ஆங்கிலத்தில் 'பொரம்போக்' என்றொரு சொல் இருக்கிறது. லண்டனில் கேட்டால் விழிப்பார்கள். தமிழ்நாட்டுச் சட்டப் புத்தகங்களின் ஆங்கிலத்திலோ அது அன்றாடச் சொல். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, இடுகாடு, மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகியவற்றை அடுக்கி, இவை கிராம ஊராட்சிக்கு உரியவை என்கிறது. அங்கே இவற்றுக்கு வைத்திருக்கும் பொதுப்பெயர் 'பொரம்போக்ஸ்'. ஆங்கிலப் பன்மை விகுதி ஒட்டிய பிறகு அதை வெளியூர்ச் சொல் என்று யாரும் தள்ள முடியாது.

எழுத்துக்கூட்டலைக் கவனிக்க வேண்டும். ஏட்டில் நாம் எழுதுவது 'புறம்போக்கு'. வாயில் வருவது 'பொறம்போக்கு'. ஆங்கிலம் பிடித்துக்கொண்டது இரண்டாவதை. ஊர்க் கணக்கரான கர்ணம் சொல்லச் சொல்லக் காதால் கேட்டு எழுதிய சொல்லாகத்தான் இது இருக்க வேண்டும். எச். எச். வில்சன் 1855-இல் வெளியிட்ட நீதி, வருவாய்த்துறைச் சொல்லகராதியிலேயே இது ஏறிவிட்டது.

இந்தச் சொல்லைப் பற்றி எழுதக் கிருஷ்ணகிரியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலை விட்டுக்கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அதை கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைத்தது. அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. இவர்கள் இங்கே நிலத்தை அளந்து, இடைத்தரகர் இல்லாமல் உழவரிடமே வரி வாங்கிப் பார்த்த முறைதான் பின்னால் மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி. மலைமேட்டு ஓசூர் மட்டும் 1799 வரை திப்புவிடம் இருந்தது. அங்கே இந்தக் கணக்கு சற்றுப் பிந்தித்தான் ஏறியது. வயல் வயலாக வரி போடும் கணக்கில் வரி போட முடியாத நிலத்துக்கும் ஒரு தலைப்பு வேண்டும். ஏரி, ஓடை, பாதை, மந்தைவெளி, பாறை, கரடு எல்லாம் அந்தத் தலைப்பின் கீழ் வந்தன. வரிக்குப் புறமாகப் போனது புறம்போக்கு. முதற்பொருள் அவ்வளவுதான், அதில் இழிவு எதுவும் இல்லை.

நிலத்தை இப்படி ஒதுக்கும் வழக்கம் கம்பெனி கொண்டுவந்ததும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்துக் கணக்கர்கள் ஊர்தோறும் மொத்த நிலத்தைச் சொல்லி, ஊர்நத்தம், குளம், ஊடே போகும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டுத்தான் வரி நிலத்தைக் குறித்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பட்டியலையும் 1994 சட்டத்தின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஊர் என்பது எதெல்லாம் சேர்ந்தது என்பதில் அரசுகளுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இருந்ததில்லை என்று தெரிகிறது.

இரண்டாம் பொருள் வசவு. வேலைவெட்டி இல்லாதவன், கேட்பாரற்றவன். பொது நிலத்தைக் கேட்பாரற்ற நிலமாக நினைக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பொருள் பிறந்திருக்க முடியும். சொல் கெட்டதைவிட அந்த நினைப்பு செய்த கேடு பெரிது. எஸ். பி. ஜனநாதன் 2015-இல் தன் படத்துக்கு 'புறம்போக்கு என்கிற பொதுவுடமை' என்று பெயர் வைத்தார். 2017-இல் எண்ணூர்க் கழிமுகத்துக்காக டி. எம். கிருஷ்ணா 'பொறம்போக்கு' பாடினார். இருவரும் அந்தச் சொல்லின் பழைய மரியாதையை மீட்கப் பார்த்தவர்கள்.

ஓசூர் எல்லையில் ஜூஜூவாடி தாண்டிக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் இதே நிலத்துக்குப் பெயர் 'கராபு'. கர்நாடக நில வருவாய் விதிகளில் அது இரண்டு வகை: பயிருக்கு உதவாதது ஏ-கராபு, பாதை, ஓடை, ஏரி என்று பொதுவுக்கு விட்டது பி-கராபு. மூலச் சொல்லுக்குப் பாழ், கெட்டது என்று பொருள். ஆக, எல்லைக்கு இந்தப் பக்கம் 'வெளியே போனது', அந்தப் பக்கம் 'கெட்டுப்போனது'. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் ஓசூர் நிலத்தரகர்களுக்கு இரண்டும் தெரியும். பாறைப் புறம்போக்கின் கதை இன்னும் விசித்திரம். பயிருக்கு ஆகாது என்று அன்று ஒதுக்கிய கிருஷ்ணகிரிப் பாறைதான் இன்று கிரானைட்டாகக் கப்பல் ஏறுகிறது.

சிப்காட் தொழிற்பேட்டை வந்து, தொழிற்சாலைகள் பெருகி, பெங்களூரு விலை ஓசூருக்கும் நீண்ட பிறகு, புறம்போக்கு என்ற குறிப்பு பலருக்கும் தடையாகத் தெரிகிறது. புலப்படத்தில் ஓடை இரண்டு வளைகோடுகளாக ஓடும். அதற்குத் தனிப் புல எண் இருக்கும். கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே பட்டாதாரர் பெயர் இருக்காது, 'ஓடை' என்ற ஒரு சொல்தான் இருக்கும். அந்த ஒற்றைச் சொல்தான் ஓடைக்கு உள்ள ஒரே பத்திரம். அதை மறந்து மண் கொட்டி மனை பிரித்த இடத்தில், ஐப்பசி மழைக்கு வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. மேய்க்கால் போனால் மாடு போகிறது; மந்தைவெளி போனால் எருது விடும் விழாவுக்குத் தெருதான் மிச்சம்.

2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொது நிலங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வரும்போது, தென்னிந்தியாவுக்கு எடுத்துக்கொண்டவை 'மந்தைவெளி', 'பொரம்போக்'. அவற்றிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. ஏரிகளுக்கென்று தமிழ்நாட்டில் 2007-லேயே தனிச் சட்டமும் இருக்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆக்கிரமிப்பு நடக்கும் நாளில் ஊரார் போய் நிற்பதில்தான் குறை.

ஓசூர்ப் பக்கம் மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நிற்காதீர்கள். அ-பதிவேட்டு நகலும் புலப்படமும் வாங்கிப் பாருங்கள். புல எண் அரசுப் புறம்போக்கா என்று வருவாய்த்துறையின் இணையச் சேவையிலேயே சரிபார்க்கலாம். ஓடை என்றோ ஏரி என்றோ இருந்தால் வாங்காதீர்கள். யாராவது அதை விற்கிறார்கள் என்றால் வட்டாட்சியருக்கு எழுதிக் கொடுங்கள்.