ஆறரைக்கு ஆறரை

வலது கை நடுவிரல் முட்டி இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. இடது கை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பூதத்தோடு நேருக்கு நேர் நின்ற கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் எங்கள் ஹாலைப் பற்றி இரண்டு வார்த்தை.

மச்சினர் பையன் பெங்களூருக்கு வேலை மாறிப் போகும்போது, தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். கருவியை எங்கள் வீட்டில் விட்டுப் போனான். "விளையாடிட்டிருங்க மாமா, தீபாவளிக்கு வந்து வாங்கிக்கிறேன்." அதில் 'தி விசார்ட்ஸ்' என்றொரு விளையாட்டு. போலந்துக்காரர்கள் செய்து 2018-ல் வெளியிட்டது. அதில் நாம்தான் மந்திரவாதி. கையைச் சுழற்றினால் நெருப்புப் பந்து. இடக்கையை வீசினால் கேடயம். இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்து விரித்தால் பனியால் ஆன வில்.

முத்து காமிக்ஸில் மாண்ட்ரேக் படித்து வளர்ந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? லீ ஃபால்க் 1934-ல் உலவவிட்ட அந்த மனிதர், கோட்டும் உயரத் தொப்பியுமாக நின்ற இடத்தில் நின்று கையை லேசாக அசைப்பார். காரியம் முடிந்துவிடும். எனக்கு ஆறரைக்கு ஆறரை அடி காலி இடம் வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை.

இந்தக் கருவி கேட்கிறது. நடமாடி விளையாட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். வாசலில் கோலம் போடுவதுபோல் நாமே தரையைச் சுற்றிக் கோடு இழுத்துக் காட்ட வேண்டும். நாற்பத்திரண்டேகால் சதுர அடி. நங்கநல்லூரில், சதுர அடி சதுர அடியாகத் தவணை கட்டி முடித்த ஒருவனிடம், அதில் நாற்பத்திரண்டைச் சும்மா போட்டு வை என்கிறது. விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள்: வெள்ளைச் சுவர், மரத் தரை, மூலையில் ஒரு செடி. அந்த வீட்டில் யாரும் சமைப்பதில்லை, யாருக்கும் மாமியார் இல்லை என்று பார்த்தாலே தெரிகிறது.

முதலில் டீப்பாயை நகர்த்தினேன். அதற்கடியில் செய்தித்தாள் கட்டு. கிலோ பதினைந்து ரூபாய் வந்தால் போடலாம் என்று நானே நிறுத்தி வைத்தது. அதைத் தள்ள இடம் தேடினால் மடக்கு நாற்காலிகள் நான்கு. ஒன்றில் திருகாணி இல்லை. எது என்று எங்களுக்குத் தெரியும், விருந்தாளிக்குத் தெரியாது. நாற்காலிக்குப் பின்னால் டிவி அட்டைப்பெட்டி, இரண்டு பக்கத் தெர்மாகோலுடன். அந்த டிவியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து ஆறு வருஷமாகிறது. "வீடு மாத்தும்போது வேணும்ல?" என்கிறாள் மனைவி. நாங்கள் இருப்பது சொந்த வீடு.

அடுத்தது அம்மாவின் தையல் மெஷின். அதன்மேல் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே சார்ஜர்கள். வட்டமுனை, தட்டைமுனை, எந்தப் போனுக்கும் சேராத ஒரு கோணல்முனை. போன்கள் போய்ச் சேர்ந்துவிட்டன, சார்ஜர்கள் சிரஞ்சீவிகள். மெஷினுக்குப் பக்கத்தில் மோட்டார் போன கிரைண்டர். இதை எடைக்குப் போடலாமே என்று மெதுவாகத்தான் கேட்டேன். சமையலறையிலிருந்து மாமியார் குரல் வந்தது: "கல் நல்ல கல், மாப்பிள்ளை." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசியாக ட்ரெட்மில். சர்க்கரை 182 என்று ரிப்போர்ட் வந்த வாரம் வாங்கியது. ஒன்பது நாள் நடந்தேன். இப்போது வலது கைப்பிடியில் துண்டு, இடது கைப்பிடியில் என் வேட்டி, நடுவில் மாமியாரின் ஒன்பது கஜம். வெயில் இல்லாத நாளில் மொட்டைமாடியைவிடச் சீக்கிரம் காய்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போகிக்குப் போகி எல்லாவற்றையும் வெளியே எடுக்கிறோம். துடைக்கிறோம். உள்ளே வைக்கிறோம். நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள்?

"கொஞ்சம் தள்ளி வச்சா என்ன?" என்று கேட்டதற்கு மனைவி சொன்னாள்: "அதது இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. நீங்கதான் புதுசா நடுவுல வந்து நிக்கிறீங்க."

1968-ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் இந்த ஜாதிக் கருவி ஒன்றைச் செய்தபோது, அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கு 'டாமக்ளீஸின் வாள்' என்று பெயர். எங்கள் கூரையில் அதற்கும் இடமில்லை. மின்விசிறி ஒன்று, இப்போது இல்லாத ஊஞ்சலுக்குக் கொக்கி இரண்டு.

ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கோடு இழுக்கும்போது ட்ரெட்மில்லையும் உள்ளே சேர்த்து இழுத்துவிட்டேன். புறம்போக்கை வளைத்து வேலி போடுகிறவன் போல. கோட்டை நெருங்கினால் கண்ணெதிரே கட்டம் கட்டமாக வேலி தோன்றி எச்சரிக்கும். ஆனால் நான் போட்ட வேலிக்குள்ளேயே ட்ரெட்மில் நின்றால் அது பாவம் என்ன செய்யும்?

கல் மண்டபம், பந்த வெளிச்சம், எதிரே பூதம். முதல் நெருப்புப் பந்து தூணில் பட்டது. இரண்டாவது எங்கே போனதென்று தெரியவில்லை. மூக்குக்கண்ணாடிக்குமேல் மாட்டியிருந்ததால் ஆவி படிந்து, பூதமே புகை மூட்டமாகத்தான் தெரிந்தது. வயிறு வேறு புரட்ட ஆரம்பித்தது. கண் நடக்கிறது என்கிறது, காது இல்லை என்கிறது, நடுவில் மாட்டிக்கொண்டது மத்தியானம் சாப்பிட்ட வத்தக்குழம்பு. சரி, வில்தான் என்று இரண்டு கையையும் சேர்த்து, மூச்சை இழுத்து, நாணை முழு வேகத்தில் பின்னால் இழுத்தேன்.

ட்ரெட்மில்லின் இரும்புக் கைப்பிடி. என் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். தலையில் பெட்டியோடும், தோளில் ஒன்பது கஜத்தோடும் நான் நின்ற கோலத்தைப் பார்த்து, "அப்புறம் வரேன் சார்" என்று இறங்கிப் போனார். பராமரிப்புப் பணம் கேட்கவும் இன்னும் வரவில்லை.

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் மூன்றடிக்கு மூன்றடியாவது ஒழித்தாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாருக்காவது கிரைண்டர் தேவைப்பட்டால் சொல்லுங்கள். மோட்டார்தான் போய்விட்டது. கல் நல்ல கல்.