சின்னப் புத்தகத்தில் ஏமாறாமல் இருக்க ஆறு வழிகள்

நீங்கள் ஏற்கெனவே கைதேர்ந்தவர்தான். இருந்தாலும் நெல்லைப் புத்தகத் திருவிழாவுக்குக் கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எடை பாருங்கள். தேங்காய் வாங்குவதுபோல உள்ளங்கையில் தூக்கிப் பாருங்கள். மணிக்கட்டு வலிக்கவில்லையா? வைத்துவிடுங்கள்.

2. விலையைப் பக்கத்தால் வகுங்கள். வண்ணநிலவனின் ‘ரெயினீஸ் ஐயர் தெரு’வை இப்படித்தான் மடக்க வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரே ஒரு தெரு, அதற்கு இவ்வளவா? இன்னும் கொஞ்சம் போட்டால் ராஜா, போர், யானை எல்லாம் கிடைக்குமே!

3. ஐந்து பாகமாக வாங்குங்கள். கண்ணாடித்தாளைப் பிரிக்காமல் ஷோகேஸில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அடுக்குங்கள். கேட்டால், “ரிட்டயர் ஆனதும் படிக்கணும்.” ஆகிவிட்டதா? “கண் ஆபரேஷன் முடியட்டும்.”

4. தப்பித்தவறி ஒல்லியானது கைக்கு வந்தால் ஓடி முடியுங்கள். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ நாலைந்து பக்கம்தான். 1934இல் ‘மணிக்கொடி’யில் வந்தது, இன்னும் சூடு ஆறவில்லை. ஜங்ஷனில் பஸ் ஏறினால் சுலோசன முதலியார் பாலம் தாண்டுவதற்குள் முடித்துவிடலாம். கடைசி வரி தொண்டையில் நிற்கும். பயப்படாதீர்கள், போனை எடுத்து ரெண்டு ரீல்ஸ் பாருங்கள், இறங்கிவிடும்.

5. எழுதியவரைத் திருத்துங்கள். வண்ணதாசனுக்கு 2016இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது ‘ஒரு சிறு இசை’ என்ற சிறுகதைத் தொகுப்புக்கு. தலைப்பிலேயே ‘சிறு’! கதை எழுதுகிறவர் யார் எதிரே வந்தாலும் வழிமறித்து அக்கறையாகக் கேளுங்கள்: “அண்ணாச்சி, பெருசா ஒண்ணு எப்பம் எழுதப் போறிய?”

6. மறுபடி திறக்காதீர்கள். இதுதான் உயிர்நாடி. சின்னப் புத்தகம் இரண்டாம் தடவையில்தான் பெருகும்; முதலில் கண்ணில் படாத அடுக்களைப் புகையும் பேசாமல் எழுந்து போன பெண்ணும் அப்போதுதான் வந்து நிற்பார்கள். முடித்த அன்றே இரவல் கொடுத்துவிடுங்கள். இரவல் போனது திரும்பாது, கவலை வேண்டாம்.

ஆறும் முடிந்ததா? இனி ஆற்றுக்குப் போகலாம். குறுக்குத்துறையில் முங்கிக் குளித்து, ஈரத்துண்டோடு படித்துறையில் நின்று, வெளியூர் விருந்தாளியிடம் வழக்கம்போல் மார்தட்டுங்கள்: “காவேரி 800 கிலோமீட்டர் ஓடுது. நம்ம தாமிரபரணி 128தான். ஆனா கார், பிசானம்னு ரெண்டு போகம் வெளையும்லா!”

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், தடியாக ஒரு புத்தகம் பார்த்து ஆர்டர் போடுங்கள்.