மஞ்சள் சுருள்

கோவென்ட்ரி, ஞாயிறு இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் கேட்டதற்கு வாட்ஸ்ஆப்பிலேயே பேசி அனுப்பியிருப்பேன். ஆனால் நான் பேசி அனுப்புவதையெல்லாம் பட்டறையில் ஸ்பீக்கரில் போட்டு ஆளாளுக்குச் சிரிக்கிறீர்களாம், தங்கச்சி சொல்லிவிட்டாள். அதனால் எழுத்து. "கிளட்ச் வேலைதான் முடிஞ்சுபோச்சே, அப்பறம் ஏன் கண்ணு இன்னும் பஸ்ஸுல போறே?" என்று கேட்டிருந்தீர்கள்.

ஒரு விளக்கு, சித்தப்பா. பழைய லேண்ட்லைன் போன் ஒயர் மாதிரி டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு சுருள். நீங்கள் ஹீட்டர் பிளக் என்பீர்களே, அதன் விளக்கு. சங்ககிரி வெயிலில் அதற்கு என்ன வேலை? இங்கே ஜனவரியில் சாவியைத் திருப்பி, சுருள் அணையும்வரை பொறுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எரிந்து அணைந்தால் சமர்த்து. வண்டி ஓடும்போது கண்ணடித்தால் இன்ஜினில் ஏதோ கோளாறு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் மாற்றி வண்டி வந்து வாரம்கூட ஆகவில்லை, ரவுண்டானாவில் வைத்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. வண்டியை அணைத்துப் போட்டால் நல்ல பிள்ளை. அடுத்த நாள் மறுபடியும். இழுவை குறையவில்லை, சத்தம் மாறவில்லை, விளக்கு மட்டும்.

1896-இல் பிரிட்டிஷ் கார்த் தொழில் பிறந்த ஊர் இது என்று இங்கே மியூசியம் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில், விளக்கைப் பார்த்த ஒருவர்கூட பானட்டைத் திறக்கவில்லை.

மேல்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தே சொல்லிவிட்டார்: "தம்பி, உது டி.பி.எஃப். தான். மோட்டர்வேயில அரை மணித்தியாலம் அடிச்சு ஓடுங்கோ, எல்லாம் எரிஞ்சு போயிடும்." ஆபீசில் வெள்ளைக்காரரும் அதையே சொன்னார். பஞ்சாபி டாக்சிக்காரரும் அதையே சொன்னார். இந்த ஊரில் டீசல் காருக்கு எது வந்தாலும் அந்த ஒரே நோய்தான், அந்த ஒரே மருந்துதான்.

டி.பி.எஃப். என்பது சைலன்சர் பாதையில் உட்கார்ந்திருக்கும் வடிகட்டி. கரியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் 600 டிகிரி அளவுக்குச் சூடேறித் தானே எரித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சூடு வர வண்டி நீளமாக ஓட வேண்டும். என் ஆபீஸ் இரண்டு மைல், நடுவே சிக்னலாகக் கொட்டிக் கிடக்கிறது. எங்கே சூடேறுவது? கழற்றி எறியலாமே என்று உங்களுக்குக் கை அரிக்கும். 2014 பிப்ரவரியிலிருந்து, கம்பெனியில் வைத்து அனுப்பிய டி.பி.எஃப். இல்லாத வண்டிக்கு எம்.ஓ.டி. கிடையாது. எம்.ஓ.டி. என்றால் இந்த ஊர் எஃப்.சி.; மூன்று வயது தாண்டிய காருக்கு வருஷா வருஷம்.

ஆகவே சித்தப்பா, போக இடமில்லாமலே கிளம்பிப் போனோம். எம்69 என்று ஒரு சாலை, இங்கிருந்து லெஸ்டர் வரைக்கும் கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். அதில் மணிக்கு 70 மைல், அதாவது 112 கிலோமீட்டர், கியரைக் குறைத்து வைத்து, ஆர்.பி.எம். 2,000-க்குக் கீழே இறங்காமல் ஓட்ட வேண்டும். இறக்கம் கண்டால் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடித்த பரம்பரை நாம். என் காலே எனக்கு ஒத்துழைக்கவில்லை.

முதல் தடவை உங்கள் மருமகள் ஏதோ கோயிலுக்குப் போவதாக நினைத்துப் புளிசாதம் கட்டிவிட்டாள். "எங்க போறோம்?" "எங்கயும் இல்ல, கரி எரிக்கப் போறோம்." கொஞ்ச தூரம் பேசவில்லை. அப்புறம், லெஸ்டர் வரை போகிறோமே, பெல்கிரேவ் ரோட்டில் குஜராத்தி கடைகள் இருக்கிறதே என்று ஆரம்பித்தாள். காந்தி சிலைகூட இருக்கிறது அங்கே. அதன் பிறகு கரி எரிப்பது ஞாயிற்றுக்கிழமைக் குடும்பக் கடமையாகிவிட்டது. கரிக்கு டீசல் ஒரு பங்கு செலவென்றால், பானிபூரி, புடவை வகையில் மூன்று பங்கு. சின்னவன் பள்ளிக்கூடத்தில் "வார இறுதியில் என்ன செய்தாய்?" என்ற கேள்விக்கு "அப்பாவோடு புகை எரித்தேன்" என்று எழுதி, டீச்சர் என்னைக் கூப்பிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, வீட்டில் எல்லாம் சரிதானே என்று விசாரித்தார்.

பர்மிங்ஹாமில் 2021 ஜூனிலிருந்து, யூரோ 6 இல்லாத டீசல் கார் ஊர் நடுவே நுழைந்தால் நாளுக்கு 8 பவுண்டு வாங்குகிறார்கள், காற்று சுத்தமாக இருக்க வேண்டுமாம். என் கார் யூரோ 6, எனக்குக் காசில்லை. அந்தச் சுத்தத்தைக் காப்பாற்றத்தான் வாராவாரம் ஊருக்கு வெளியே போய்ச் சும்மா டீசலை எரித்துவிட்டு வருகிறேன்.

விளக்கு அப்படியேதான் கண்ணடித்தது.

கடைசியில் ஒரு ரீடர் வாங்கினேன். தீப்பெட்டி அளவுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கிறது, அதில் செருகினால் வண்டி என்ன புகார் எழுதி வைத்திருக்கிறது என்று போனில் காட்டும். பி0571 என்று காட்டியது. குரூஸ் கன்ட்ரோல், பிரேக் சுவிட்ச் சர்க்யூட். அதை எடுத்துக்கொண்டு கிளட்ச் போட்ட கராஜுக்கே போனேன். "குரூஸ் கன்ட்ரோல் சமாச்சாரம், அதுக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லை, எங்கள் வேலைக்கும் சம்பந்தமில்லை, டி.பி.எஃப். ஆக இருக்கும்" என்றார்கள். பார்த்துச் சொல்ல மட்டும் 60 பவுண்டு. சரி செய்ய அல்ல, பார்க்க.

வழக்கை முடித்துவைத்தது ஒரு பாட்டியம்மா. சிக்னலில் பின்னால் நின்றவர், இறங்கி நடந்துவந்து என் கண்ணாடியைத் தட்டி, தொந்தரவுக்கு மன்னிப்பு, மழைக்கு மன்னிப்பு எல்லாம் கேட்டுவிட்டு, "உன் பிரேக் விளக்கு எரியவில்லை, கண்ணே" என்றார். நம்ம ஊராக இருந்தால் ஹாரனிலேயே என் வம்சத்தை விசாரித்திருப்பார்கள்.

அப்போதுதான் நீங்கள் பட்டறையில் பையன்களைத் திட்டும்போது சொல்வது காதில் விழுந்தது: "வேல பாத்த வண்டி வம்பு பண்ணுச்சுன்னா, கடைசியா ஸ்பானர் பட்ட எடத்த மொதல்ல பாருங்கடா." கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் எங்கே இருக்கிறது? பெடலுக்கு மேலே. பக்கத்தில் என்ன இருக்கிறது? பிரேக் சுவிட்ச். கழற்றியவன் இடம் போதவில்லை என்று அதையும் கழற்றி, கோணலாகச் செருகிவிட்டான். சுவிட்சிலிருந்து இரண்டு சிக்னல் இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. ஒன்று பிரேக் அமுக்கியாச்சு என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. எதை நம்புவது என்று தெரியாமல் அது ஹீட்டர் பிளக் விளக்கைச் சிமிட்டுகிறது. பிரேக் கோளாறுக்கு ஹீட்டர் விளக்கு! இதைச் செய்த ஜெர்மன் இன்ஜினியரை ஒரு நாள் உங்கள் பட்டறையில் உட்கார வைக்க வேண்டும்.

புது சுவிட்ச் 12 பவுண்டு. நானே குப்புறப் படுத்து மாட்டினேன். ரீடரில் அந்தப் புகாரை அழித்தேன், விளக்கு வரவில்லை. இப்போது தெருவில் எந்தத் தமிழன் காரில் எது எரிந்தாலும் ரீடரோடு நான்தான் போகிறேன். யாழ்ப்பாணத்து அண்ணன் என்னை "டொக்டர்" என்கிறார்.

ஆனாலும் இந்தப் பொட்டி புகார் கொடுத்த இடத்தைச் சொல்லுமே தவிர, கெட்ட இடத்தைச் சொல்லாது. நீங்கள் ஸ்குரூ டிரைவரை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பீர்கள். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், நீலம் என்றால் ஆயில் எரியுது என்பீர்கள். இங்கே வந்தால் அந்த வித்தையில் பாதி நடக்காது, புகையைத்தான் டி.பி.எஃப். வெளியே விடாதே. வந்து பாருங்களேன். குளிருக்கு முன்னால், மே மாதம் வாருங்கள். கூட ஒரு ஆள் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, டீயைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் நின்று பார்த்தால் போதும் என்று இருக்கிறது எனக்கு.

எம்.ஓ.டி. வரும் 22-ஆம் தேதி. கட்டணம் 54 பவுண்டு 85 பென்ஸ், அதற்குமேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். கிளட்சுக்கு எவ்வளவு ஆனது என்று அப்பா கேட்டால், உங்களுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்